மனையும் அகமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நகரங்களில் தோன்றும் இலக்கிய அமைப்புகளே ஓரிரு ஆண்டுகளில் ஓய்ந்துவிடும் நாட்டில், வயலும் ஏரியும் சூழ்ந்த உத்தரமேரூர்ப் பகுதியில் ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் நிலைத்து நிற்பது பாராட்டிற்குரியது. இந்த நிறைவு விழாவில் 'பழைய உழவர் வீடு' என்னும் பொருளில் உரையாற்றுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். இத்தலைப்பை ஏன் தேர்ந்தீர்கள் என்பது எனக்கு விளங்காமலில்லை. இவ்வட்டத்தில் படிக்கப்பெறும் கவிதைகளில் ஓட்டு வீடும் திண்ணையும் முற்றமும் மீண்டும் மீண்டும் வருகின்றன. பெரும்பாலும் அவை இரங்கற்பாக்கள். திண்ணை இடிந்தது, முற்றம் மூடப்பட்டது, தாத்தாவின் சாய்வு நாற்காலி பரணுக்குப் போயிற்று என்று பாடுகின்றன.

அவ்விரக்கம் உண்மையானது. நானும் அதில் பங்கு கொள்பவளே. ஆயினும் ஒன்றை இழந்தோம் என்று பாடுவதற்கு முன், இழந்த பொருள் யாது, அது எவ்வாறு ஆக்கப்பெற்றது, யாருக்கு உரியதாய் இருந்தது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டாவா? இம்மூன்றையும் வரிசையாக எடுத்துக்கொண்டு சில கருத்துகளை இந்த அவைமுன் வைக்க விழைகின்றேன்.

சொல்லில் வாழும் வீடு

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். இன்று நாம் பொதுவாக வழங்கும் 'வீடு' என்னும் சொல் 'விடு' என்னும் வினையடியாகப் பிறந்தது. விடுதலை, பேரின்பம் என்ற பொருளும் அதற்கு உண்டு. சங்கப் பாடல்களில் குடியிருக்கும் இடத்தைக் குறிக்கப் பெரிதும் வழங்கியவை இல், மனை, அகம், நகர், குரம்பை முதலான சொற்களே. இவற்றுள் மனையும் அகமும் நம் ஊருக்கு மிக நெருக்கமானவை. ஏன் என்பதைச் சற்றுப் பின்னர்க் கூறுகிறேன்.

மனை என்பது வீட்டையும் குறிக்கும். வீடு நிற்கும் தரையையும் குறிக்கும். இன்றும் 'மனை வாங்கினேன்' என்று ஒருவர் கூறினால், வெற்று நிலத்தையே கூறுகிறார் என்று புரிந்துகொள்கிறோம். அகம் என்பது உள்ளிடம். அது வீடும் ஆகும், உள்ளமும் ஆகும், அகத்திணையும் ஆகும். சுவருக்குள் இருக்கும் இடத்திற்கும் நெஞ்சுக்குள் இருக்கும் இடத்திற்கும் ஒரே பெயரிட்டு, அதன்மேல் ஓர் இலக்கிய மரபையே எழுப்பிய மொழி நம்முடையது. எனவே மனை நிலத்தின் பக்கமும் அகம் நெஞ்சத்தின் பக்கமும் நிற்கின்றன எனலாம். நம் கவிதைகள் அகத்தைப் பாடிய அளவிற்கு மனையைப் பாடியதில்லை என்பதே இன்று நான் கூறவிருப்பதன் சாரம்.

தொண்டை நாட்டு வீடுகளின் பழஞ்சித்திரம்

நம் பகுதி வீடுகளைப் பற்றிய மிகப் பழைய விரிவான சித்திரம் பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 500 அடிகள் கொண்ட இப்பாட்டின் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். பரிசில் பெற்ற பாணன் ஒருவன் வறிய பாணனை அவனிடம் ஆற்றுப்படுத்துகிறான். வழியில் எந்தெந்த நிலத்தில் யார் வீட்டில் என்ன உணவு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே போகிறான். அதனால் பாட்டு முழுவதும் வீடுகளின் அணிவகுப்பாக அமைந்துவிடுகிறது.

எயினரின் குடிசை ஈந்தின் இலையால் வேயப்பட்டு முள்ளம்பன்றியின் முதுகு போலத் தோன்றுகிறது. முல்லை நிலத்துச் சீறூரில் வரகு வைக்கோல் வேய்ந்த கூரைகள் கார்மேகம் போலப் படர்ந்திருக்கின்றன. முற்றத்தில் குதிர்கள் பெண் யானைக் கூட்டம் போல நிற்கின்றன. புகை சூழ்ந்த கொட்டிலின் நெடிய சுவரில் வண்டிச் சக்கரமும் கலப்பையும் சார்த்தப்பட்டுள்ளன. சார்த்திச் சார்த்திச் சுவர் தேய்ந்திருக்கிறது. மருத நிலத்து நல்லில்லங்களில் ஏணியும் எட்டாத நெற்கூடுகள், உள்ளே வைத்த பழநெல் தீராமல், முதுமை எய்திவிட்டன. தச்சச் சிறுவர் செய்த தேரை உருட்டிக் களைத்த குழந்தைகள் உறங்குகிறார்கள். அந்தணர் வீட்டின் முன் பந்தர்க் காலில் கன்று கட்டியிருக்கிறது. தரை சாணத்தால் மெழுகப்பட்டிருக்கிறது.

இவற்றைப் பயிலும்போது என்னைக் கவர்வது அந்தத் தேய்ந்த சுவர்தான். நாளும் கலப்பை சார்த்தப்பட்ட இடத்தைப் புலவர் பார்த்திருக்கிறார். உழைப்பு ஒரு சுவரில் பதிந்த தடம் அது. உவமைகள் எல்லாம் தோற்றத்தைச் சொல்ல, இந்த ஒரு குறிப்பு அவ்வீட்டின் வரலாற்றையே சொல்லிவிடுகிறது.

ஓட்டு வீட்டின் உடற்கூறு

இனி நம் கண்முன் இன்னும் சில தெருக்களில் எஞ்சி நிற்கும் உழவர் வீட்டிற்கு வருவோம். அதைத் தெருவிலிருந்து கொல்லைவரை நடந்து பார்ப்பதே எளிது.

முதலில் தெருத்திண்ணை. மேலே தாழ்ந்து இறங்கும் இறவாணம். அதைத் தாங்கும் மரத்தூண்கள். தூணின் தலையில் போதிகை. திண்ணைக்கு இடையே நிலைவாசல். வீட்டில் மரத்திற்கென்று மிகுதியாகச் செலவிட்ட இடம் இந்த நிலையும் கதவுமே. நிலை வைக்கும் நாள் ஒரு சிறு திருவிழா. நிலையைத் தாண்டினால் இடைகழி. பேச்சு வழக்கில் ரேழி என்கிறோம். மழையிரவில் திருக்கோவலூரில் முதலாழ்வார் மூவரும் சந்தித்த இடமாக வைணவ மரபு போற்றுவது இத்தகைய ஓர் இடைகழியைத்தான். ஒருவர் படுக்கலாம், இருவர் அமரலாம், மூவர் நிற்கலாம் என்னும் அளவு அதன் குறுமையைக் காட்டுகிறது. அம்மூவருள் பொய்கையார் காஞ்சியில் தோன்றியவர். பூதத்தார் மாமல்லையில் தோன்றியவர். நம் மண்ணைச் சேர்ந்த இருவர் அங்கே நின்றனர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது.

இடைகழிக்கு அப்பால் முற்றம். வெயில், மழை, நிலவு, காற்று நான்கிற்கும் வீட்டிற்குள் நுழைய அதுவே வழி. முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம். ஒரு பக்கம் கூடம். கூடத்தை ஒட்டி அறைகள். உறை உறையாக மண்ணால் அடுக்கிப் பூசிய குதிர், கீழே அடைப்பிட்ட சிறு வாயுடன் ஒரு மூலையில் நிற்கும். வசதி மிக்க வீடாயின் மரப் பத்தாயம் இருக்கும். மேலே பரண். பின்கட்டில் அடுக்களை, அதன்பின் கிணறு, மாட்டுக்கொட்டகை, வைக்கோற்போர், கொல்லை.

இவ்வீடு எவற்றால் ஆனது? ஏறக்குறைய அனைத்தும் நடந்து போய்க் கொண்டுவரக்கூடிய தொலைவில் கிடைத்தவை. சுவர் மண்ணால் ஆனது. குழைத்த மண்ணை ஒரு படை வைத்து, அது காய்ந்தபின் அடுத்த படை வைத்துச் சுவரை எழுப்பினர். அதன் கனமே கோடையில் வீட்டைக் குளிர்வித்தது. பூச்சிற்குச் சுண்ணாம்பு, அது இறுகக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர். கைமரங்களுக்கு வைரம் பாய்ந்த பனை. கூரைக்கு நாட்டு ஓடு. குயவர் சக்கரத்தில் மண்ணைக் குழல் போல வனைந்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, காயவைத்துச் சூளையில் சுட்டெடுத்த ஓடு அது. ஒரு வரிசை மல்லாந்தும் அடுத்த வரிசை கவிழ்ந்தும் கிடக்கும். குரங்கும் காற்றும் கலைத்தவற்றை மழைக்காலத்திற்கு முன் பிரித்து மாற்றுவர். பின்னர் 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு, அச்சில் வார்த்த தட்டை ஓடு பரவலாயிற்று. குயவர் கையிலிருந்து கூரை நழுவத் தொடங்கியது அப்போதுதான்.

ஆக, இவ்வீட்டைக் கட்டியவர் வீட்டுக்காரர் மட்டும் அல்லர். கொத்தனார், தச்சர், கொல்லர், குயவர், சுண்ணாம்பு சுட்டவர், மண் மிதித்தவர் எனப் பல கைகள் அதில் உள்ளன. அவர்களுள் பலர் வீடு முடிந்தபின் அந்த நிலைவாசலைத் தாண்டி உள்ளே வந்திருக்க முடியாது. இதை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

ஆங்கில நாட்டு உழவர் வீடு தரும் பாடம்

இத்தகைய வீட்டின் வரலாற்றை எவ்வாறு எழுதுவது? கோயிலுக்குக் கல்வெட்டு உண்டு. அரண்மனைக்கு மெய்க்கீர்த்தி உண்டு. உழவன் வீட்டிற்கு என்ன உண்டு? தம் நாட்டு உழவர் வீடுகளை ஆங்கிலேயர் ஆராய்ந்த முறையில் நமக்கு ஒரு வழிகாட்டுதல் இருக்கிறது.

இங்கிலாந்தின் தென்கிழக்கே கென்ட் பகுதியில் சிடிங்ஸ்டன் என்னும் ஊரில் 'பேலீஃப்' என்ற பெயருடைய உழவர் வீடு ஒன்று இருந்தது. ஓக் மரச் சட்டங்களால் ஆன வீடு. சட்டங்களின் இடைவெளியில் வரிச்சுப் பின்னி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்துப் பூசியிருந்தனர். நம் ஊர்க் கைகளுக்கும் பழக்கமான கலவைதான். நடுவில் கூரைவரை திறந்த ஒரு பெருங்கூடம். அதன் இரு பக்கமும் கீழும் மேலுமாக அறைகள். கூடத்தின் நடுத்தரையில் நெருப்பு எரியும். புகைபோக்கி கிடையாது. புகை எழுந்து கூரை மரங்களைக் கறுப்பாக்கி, கிடைத்த இடுக்கு வழியே வெளியேறும். சன்னலில் கண்ணாடி இல்லை, மரக்கம்பிகளே இருந்தன.

1960களின் இறுதியில் அவ்விடத்தில் நீர்த்தேக்கம் ஒன்று அமைக்க முடிவாயிற்று. வீடு மூழ்க வேண்டியதாயிற்று. மரம் மரமாகக் கழற்றிக் கொண்டுபோய், சசெக்ஸ் பகுதியில் சிங்கிள்டன் என்னும் ஊரில் 1971இல் மக்களுக்குத் திறக்கப்பெற்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தில் அதை மீண்டும் நிறுத்தினர். மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணும் முறையால் அதன் வயதையும் கணித்தனர். கூடம் 1405க்கும் 1430க்கும் இடையில் கட்டப்பெற்றது. ஒரு பக்கத்து அறைகள் 1505க்குப் பின் சேர்க்கப்பெற்றவை. எழுத்தில்லாத வீட்டிற்கு மரமே ஏடாயிற்று.

இவ்வாறான வீடுகளில் பின்னர் ஒரு பெரிய மாற்றம் நேர்ந்தது. எசெக்ஸ் பகுதியில் சமய குருவாக இருந்த வில்லியம் ஹாரிசன் 1577இல் வெளியான தம் நூலில், தம் ஊர் முதியவர்கள் தங்கள் வாழ்நாளில் கண்ட வியத்தகு மாற்றங்களுள் ஒன்றாகப் புகைபோக்கிகள் பெருகியதைச் சொல்வதாக எழுதினார். செங்கல்லால் புகைபோக்கி எழுப்பியதும் கூடத்திற்கு மேல் தளம் இட முடிந்தது; மேல்மாடி அறைகள் வந்தன; தனிமை வந்தது. 1570 முதல் 1640 வரை நாட்டுப்புறம் முழுவதும் நிகழ்ந்த இந்த மறுகட்டுமானத்தை ஹோஸ்கின்ஸ் என்னும் வரலாற்றறிஞர் 1953இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். ஒரு புகைபோக்கியிலிருந்து ஒரு சமுதாயத்தின் செல்வ வளர்ச்சியைப் படித்துக்காட்டிய ஆராய்ச்சி அது.

நம் நாட்டிலும் அத்தகைய முயற்சி நிகழ்ந்துள்ளது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கடற்கரையில், முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்ராவில், தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியுள்ளனர். தஞ்சை உழவர் வீடும் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடும் அங்கே உள்ளன. மாணவர்களை அழைத்துச் செல்லத் தக்க இடம்.

ஆனால் ஆங்கில நாட்டு வரலாறு மற்றொன்றையும் கற்பிக்கிறது. ஐந்நூறு ஆண்டுகள் நிலைத்து நின்ற வீடுகள் யாருடையவை? ஓக் மரம் வாங்க முடிந்தவர்களுடையவை. அக்காலத்துக் கூலி உழவர் குடிசைகள் ஏறத்தாழ ஒன்றும் எஞ்சவில்லை. 1589இல் எலிசபெத் அரசியார் காலத்தில் இயற்றிய சட்டம், நான்கு ஏக்கர் நிலம் சேர்க்காமல் புதிய குடிசை எழுப்பக் கூடாது என்றது. அச்சட்டம் 1775 வரை நீக்கப்படவில்லை. நிலம் இல்லாதவனுக்கு வீடு கட்டும் உரிமையும் இல்லை என்பதே அதன் பொருள். எஞ்சிய அழகிய வீட்டைப் பார்க்கும்போது, எஞ்சாத குடிசையையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்பது அந்த வரலாறு தரும் பாடம்.

கல்லில் எழுதிய தகுதி

இந்தப் பாடத்தோடு நம் ஊர்க் கல்லின் முன்னே வந்து நிற்போம்.

உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் கல்வெட்டுகளை அறியாதார் இல்லை. முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சி ஆண்டுகளில், அதாவது 919, 921ஆம் ஆண்டுகளில், இவ்வூர்ச் சபை செய்த தீர்மானங்கள் அவை. முப்பது குடும்புகளிலும் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து, ஆட்டை வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றிற்கு உறுப்பினரைத் தேர்ந்த முறையை அவை விரிக்கின்றன. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்டதை மேடைதோறும் பெருமையுடன் கூறுகிறோம். அது பெருமைதான்.

ஆனால் முதல் தகுதியை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலம் உடையவனாக இருத்தல் வேண்டும். தனக்குரிய மனையில் அகம் எடுத்துக்கொண்டு வாழ்பவனாக இருத்தல் வேண்டும். வயதும் கல்வியும் ஒழுக்கமும் அதன்பின் வருகின்றன. மறை கற்றவனுக்கு நில அளவில் சலுகை உண்டு. அரைக்கால் வேலி போதும். நான் தொடக்கத்தில் நம் ஊருக்கு நெருக்கமானவை என்று சொன்ன இரு சொற்களும், மனையும் அகமும், இங்கே ஒரே தொடரில் அருகருகே நிற்கின்றன. மனை உரிமையாக இருக்க வேண்டும். அகம் அதன்மேல் எழ வேண்டும். அப்போதுதான் ஒருவன் பெயர் ஓலையில் ஏறும்; ஓலை குடத்தில் விழும்.

அதாவது, இவ்வூரில் வீடு வெறும் வசிப்பிடமாக இருக்கவில்லை. ஊர்ப் பொதுவில் குரல் கொடுக்கும் உரிமைக்கு அதுவே வாயிலாக இருந்தது. இது பிரமதேயச் சபை, அந்தணர் சபை. வயிரமேக தடாகத்தைக் கரை கட்டிக் காத்த கைகளும், அதன் நீரால் வயலை உழுத கைகளும் அந்தக் குடத்திற்கு வெளியேதான் இருந்தன. தகுதி கூறும் சொற்கள் அனைத்தும் ஆண்பாலிலேயே அமைந்துள்ளன. பெண்ணின் பெயர் எழுதிய ஓலைக்கு அங்கே இடமில்லை.

மனை யாருக்கு உரியது?

இந்த வரலாறு சோழர் காலத்தோடு முடியவில்லை. முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள், ஊர்களில் இறை நீங்கிய நிலங்களை ஊர்நத்தம், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு என்று பிரித்துச் சொல்கின்றன. குடியிருப்பு அப்போதே கூறுபட்டிருந்தது. ஆங்கிலக் கும்பினியின் கையில் செங்கல்பட்டுச் சாகீர் வந்தபின், 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் ஊர்தோறும் நிலங்களையும் ஏரிகளையும் வீடுகளையும் கணக்கெடுத்தார். திருக்குறளுக்கு உரை எழுதிய எல்லீசன், தொண்டைமண்டலத்து மிராசு உரிமையை ஆராய்ந்து எழுதிய நூல் 1818இல் வெளியாயிற்று. இவையெல்லாம் நிலம் யாருடையது என்ற வினாவைச் சுற்றியே எழுந்தவை.

அவ்வினாவை அடியிலிருந்து கேட்டவர் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர். இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து அவர் 1891இல் அளித்த அறிக்கை, தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த மனையின்மேல்கூட உழைக்கும் மக்களுக்கு உரிமை இல்லை என்பதை எடுத்துக்காட்டியது. மிராசுதார் சினந்தால் குடிசையைக் காலி செய்ய வேண்டும். இந்த அச்சம் ஒன்றே கூலி உயர்வு கேட்கவிடாமல் வாயை அடைக்கப் போதுமானது. அதன் விளைவாக 1892இல் பிறந்த அரசாணையே பின்னர்ப் பஞ்சமி நிலம் என்று வழங்கப்பெற்ற நில ஒப்படைப்பிற்கு அடிப்படை ஆயிற்று. ஆயினும் குடியிருக்கும் மனை முற்றாகக் கைக்கு வரவில்லை. 1971இல் தமிழ்நாட்டில் இயற்றப்பெற்ற குடியிருப்புச் சட்டமே, பிறர் மனையில் குடியிருந்த உழவுத் தொழிலாளருக்கு அம்மனையை உரிமையாக்கியது. பராந்தகன் கல்வெட்டிலிருந்து எண்ணினால் ஆயிரத்து ஐம்பது ஆண்டுகள்! தன் மனையில் அகம் எடுக்கும் உரிமை ஊரெல்லை தாண்டிச் சேரிக்கு வர அத்தனை காலம் ஆயிற்று.

எனவே, 'கான்கிரீட் வந்து கூரையின் அழகைக் கெடுத்தது' என்று நாம் எழுதும்போது ஒரு கணம் நிற்க வேண்டும். மழையில் ஒழுகிய ஓலைக்கூரையின் கீழ், பாத்திரங்களை ஏந்தி வைத்துவிட்டு இரவெல்லாம் விழித்திருந்த ஒரு தாய்க்கு அந்தக் கான்கிரீட் தளம் என்னவாக இருந்திருக்கும்? அவள் பாடினால் அது இரங்கற்பாவாக இராது. என் வகுப்பில் பயிலும் கிராமத்து மாணவியர் எழுதும் கட்டுரைகளில், பழைய வீடு என்றதும் சிலர் திண்ணையை நினைக்கின்றனர். சிலர் தலை குனிந்து நுழைந்த வாசலை நினைக்கின்றனர். இரண்டும் உண்மையே. இரண்டாவது உண்மை நம் கவிதைகளில் இன்னும் போதிய அளவு இடம்பெறவில்லை.

மனைவியும் மனையும்

இன்னொன்றையும் ஒரு பெண் என்ற நிலையில் கூற வேண்டியவளாக இருக்கிறேன். மனையை உடையவள் மனைவி. இல்லை ஆள்பவள் இல்லாள் என்று சொற்பொருள் கூறி நாம் மகிழ்கிறோம். இல்லாளுக்கு ஆண்பாலாக 'இல்லான்' என்றால் அது வறியவனைக் குறிக்கும் என்று வகுப்பில் நகையாடுவதும் உண்டு. ஆனால் மனைவி என்னும் சொல்லில் இருந்த மனை அவள் பெயரில் எழுதப்பட்டிருந்ததா?

பழைய வீட்டின் அமைப்பையே பாருங்கள். காற்று வரும் திண்ணை ஆடவர்க்கு. வெளிச்சம் குறைந்த, புகை நிறைந்த அடுக்களை பெண்டிர்க்கு. ஆங்கில நாட்டு வீட்டிலே புகைபோக்கி வந்ததை ஒரு யுகமாற்றமாக எழுதினார்கள். நம் அடுக்களைக் கூரை இடுக்கில் புகை கசிந்த காலத்தை எந்தப் பெண்ணின் கண் எழுதியிருக்கிறது?

சட்டமும் அவ்வாறே நடந்தது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்குப் பங்கு தந்தது. ஆனால் அதன் 23ஆம் பிரிவு, குடும்பத்தார் வாழும் வீட்டைப் பொறுத்தவரை, ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் பாகம் கேட்க முடியாது என்று தடுத்தது. நிலத்தில் பங்கு உண்டு, வீட்டில் காத்திரு என்பது போன்ற ஏற்பாடு. 1989இல் தமிழ்நாடு, அவ்வாண்டிற்கு முன் மணமாகாத மகளிர்க்குப் பரம்பரைச் சொத்தில் மகனுக்கு நிகரான உரிமை அளித்தது. அந்த 23ஆம் பிரிவோ 2005இல் நடுவண் அரசின் திருத்தச் சட்டம் வரும்வரை நீங்கவில்லை.

ஊர் அவையிலும் மாற்றம் வந்தது. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் மூன்றில் ஒரு பங்கு இடங்களை மகளிர்க்கு ஒதுக்கியது. 2016இல் அது பாதியாக உயர்ந்தது. இன்று ஊராட்சியில் நிற்கக் கால் வேலி நிலமும் வேண்டியதில்லை. சொந்த மனையும் வேண்டியதில்லை. உத்தரமேரூர்க் குடத்திற்குள் விழாத ஓலைகள் இப்போதுதான் விழத் தொடங்கியுள்ளன. கல்வெட்டின் பெருமையைக் கூறும் மேடையில் இந்த வளர்ச்சியையும் சேர்த்துக் கூறுவதே அக்கல்லுக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதை.

கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்

அப்படியானால் பழைய வீட்டை மறந்துவிடலாமா? கூடாது. அதைக் கட்டியவர்களின் அறிவு பெரிது. மண்ணையும் பனையையும் கொண்டு கோடையை வென்ற அறிவு அது. அந்த அறிவு எழுத்தில் இல்லை, சொற்களில் இருக்கிறது. உத்திரம், விட்டம், கைமரம், வரிச்சு, குத்துக்கால், போதிகை, இறவாணம், மாடம், பரண், உறை, படை, முகட்டோடு என ஒவ்வொன்றும் ஒரு தொழில் நுணுக்கத்தின் பெயர். கொத்தனாரும் தச்சரும் இச்சொற்களை அகராதி பார்த்துப் பேசவில்லை, கையால் பேசினர். அந்தக் கைகள் ஓய்கின்றன. வீடு இடிந்தால் மரத்தையாவது விற்கலாம். சொல் இடிந்தால் அள்ளுவதற்கு ஒன்றும் இராது.

ஆகவே இந்த வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக்கு ஒரு பணியை முன்மொழிய விரும்புகிறேன். சுற்றியுள்ள ஊர்களுக்குச் செல்லுங்கள். ஓட்டு வீட்டில் மட்டும் நுழைந்து திரும்பாதீர்கள். ஓடு வனைந்த குயவரிடம் கேளுங்கள். ஓலை வேய்ந்தவரிடம் கேளுங்கள். சேரியில் கீற்றுக்கும் தட்டிக்கும் படலுக்கும் என்ன பெயர் வழங்கினர் என்று கேளுங்கள். அடுக்களையில் அடுப்பு மெழுகிய மூதாட்டியிடம், அவர் இருந்த மூலைக்கு என்ன பெயர் என்று கேளுங்கள். கேட்டவற்றை ஊர்ப்பெயருடன் பதிவு செய்து ஒரு சிறு சொற்றொகுதியாக வெளியிடுங்கள். அதை நம் கல்லூரித் தமிழ்த் துறைகள் நன்றியுடன் பெற்றுக்கொள்ளும். கவிதைக்கும் புதிய சொல் கிடைக்கும்.

பாடும்போது ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். அகத்தைப் பாடுபவர் அது நிற்கும் மனையையும் பாட வேண்டும். அந்த மனை யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது, யார் காத்திருந்து பெற்றனர் என்பதும் பாட்டின் பொருளாக வேண்டும். பெரும்பாணாற்றுப்படைப் புலவர் எயினர் குடிசையையும் வலைஞர் குடிலையும் உழவர் இல்லத்தையும் ஒரே பாட்டில் வைத்தார். பாணன் எந்த வாசலையும் தாழ்ந்தது என்று தவிர்க்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் உண்டான். தொண்டை நாட்டுக் கவிஞர்களாகிய உங்களுக்கு அதைவிடச் சிறந்த வழிகாட்டுதல் வேறு வேண்டியதில்லை.